புளியரை தாண்டினா கேஸ் பெருசாகுமா? கடத்தல் வழக்கு அப்பீலில் தப்புவதும் மாட்டுவதும் எங்கே?

தென்காசி:
இலஞ்சியில் காரில் ஏறினால் அரை மணி நேரத்தில் கேரளா. செங்கோட்டை, புளியரை செக்போஸ்ட், எஸ் வளைவு, அந்தப் பக்கம் ஆரியங்காவு. குற்றால சீசனில் இந்த ரோட்டில் வண்டிக்கு பஞ்சமே கிடையாது. பிள்ளையைக் காணோம் என்று ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் இங்கே முதலில் பார்ப்பது புளியரை கேமராவைத்தான்.

"பார்டரை தாண்டிட்டான்லா, இனி அவன் தொலஞ்சான்" என்று டீக்கடையில் பேசுவார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போய்விட்டால் வழக்கு இரண்டு மடங்கு ஆகிவிடும், ஜாமீன் கிடையாது, அப்பீலும் நிற்காது என்று ஒரு நினைப்பு நம்ம பக்கத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது.

அது தப்பு. ஆனால் முழுசாகத் தப்பு என்றும் சொல்ல முடியாது. எப்படி என்று பார்ப்போம்.

இலஞ்சி பெயர் நாடு முழுக்க அடிபட்டது 2023-ம் ஆண்டு ஜனவரி மாதம். கொட்டாகுளம் வாலிபரை காதல் திருமணம் செய்த, வடமாநில பூர்வீகம் கொண்ட இளம்பெண்ணை அவரது குடும்பத்தாரே காரில் தூக்கிச் சென்றதாக குற்றாலம் போலீசில் புகார் ஆனது. கண்காணிப்பு கேமரா காட்சி டி.வி.யில் திரும்பத் திரும்ப ஓடியது. தனிப்படை குஜராத் வரை போனது. விவகாரம் ஐகோர்ட்டு மதுரை கிளைக்கு வந்து, அந்த பெண் நேரில் ஆஜராகி வாக்குமூலம் கொடுத்தார். அந்த குடும்பங்களின் உள்விவகாரம் நமக்கு வேண்டாம். ஆனால் அன்று ஊரே கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பெத்தவங்க கூட்டிட்டு போனா அது எப்படி கடத்தல் ஆகும்?" கேள்வி நியாயமானது. பதிலில்தான் சட்டத்தின் முடிச்சு இருக்கிறது.

ஆட்கடத்தல் என்று நாம் சொல்லும் ஒரே வார்த்தைக்குள் சட்டம் இரண்டு தனித்தனி குற்றங்களை வைத்திருக்கிறது. ஒன்று, 18 வயது ஆகாத பிள்ளையை பெற்றோர் அல்லது காப்பாளரின் பொறுப்பில் இருந்து அவர்கள் சம்மதம் இல்லாமல் கொண்டு போவது, அல்லது ஆசை காட்டி வரவழைப்பது. இதில் பிள்ளையின் சம்மதம் கணக்கில் இல்லை. பழைய இந்திய தண்டனை சட்டத்தில் 361, 363-வது பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 137-வது பிரிவு. தண்டனை 7 ஆண்டு வரை.

இன்னொன்று, எந்த வயது ஆளானாலும் பலவந்தமாகவோ ஏமாற்றியோ ஒரு இடத்தில் இருந்து கிளப்பிக்கொண்டு போவது. வினோதம் என்னவென்றால், இது தனியாக நின்றால் தண்டனை கிடையாது. எதற்காக கொண்டு போனார்கள் என்பதை சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடைத்து வைப்பதற்காக என்றால் 7 ஆண்டு வரை. கட்டாய கல்யாணத்துக்காக என்றால் 10 ஆண்டு வரை. மேஜர் பெண்ணை பலவந்தமாக இழுத்துக்கொண்டு போனால், போனது பெற்ற அப்பனாக இருந்தாலும் இந்த பிரிவு பாயும். மகள் 18 வயதை தாண்டிவிட்டால் அப்பா "காப்பாளர்" இல்லை. கேரளாவின் ஹாதியா வழக்கில் 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு இதை ஆணித்தரமாக சொல்லிவிட்டது. வயது வந்தவர் யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவர் முடிவு.

இந்த இரண்டு குற்றத்திலுமே "மாநில எல்லை" என்ற வார்த்தை கிடையாது! இந்தியாவுக்கு வெளியே கொண்டு போனால்தான் அதற்கென்று தனி வகை. இலஞ்சியில் இருந்து கிளம்பி தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும், புனலூரில் இறங்கினாலும், சூரத்தில் இறங்கினாலும் பிரிவு ஒன்றுதான். இங்குள்ள பெரியவர்களுக்கு இது புதிதாகவும் தோன்றாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ந் தேதி வரைக்கும் கேரள சீமையோடு இருந்த ஊர்தானே! கோடு நகர்ந்தது, குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அமெரிக்காவில் கதையே வேற

அங்கே கோடுதான் குற்றம். 1910-ல் வந்த மான் சட்டம், ஒழுக்கக்கேடான காரியத்துக்காக ஒரு பெண்ணை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போவதையே மத்திய அரசு குற்றமாக்கியது. ராக் அண்டு ரோல் பாடகர் சக் பெரி இதில்தான் சிக்கினார். டெக்சாஸ் பக்கம் இருந்து 14 வயது பெண்ணை செயின்ட் லூயிசில் உள்ள தனது கிளப்புக்கு அழைத்து வந்ததாக வழக்கு. 1960-ல் தண்டனை. அப்பீலுக்குப் போனார். விசாரித்த ஜட்ஜ் கறுப்பினத்தவர் என்று குத்திக்காட்டிப் பேசியது ஆவணத்தில் இருந்ததால் தண்டனை ரத்து ஆனது. ஜெயித்தாச்சு என்று நினைத்தால் இல்லை. மறுவிசாரணை. 1961-ல் மறுபடியும் தண்டனை. இரண்டாவது அப்பீல் எடுபடவில்லை. சுமார் ஒன்றரை வருடம் உள்ளே இருந்துவிட்டு 1963-ல்தான் வெளியே வந்தார்.

அப்பீலில் ஜெயிப்பது என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. நம்ம ஊர் சட்டத்திலும் அப்பீல் கோர்ட்டுக்கு விடுதலை செய்ய, தண்டனையை குறைக்க, பிரிவை மாற்ற, மறுவிசாரணைக்கு அனுப்ப எல்லா அதிகாரமும் உண்டு. ஒரே ஒரு ஆறுதல், தண்டிக்கப்பட்டவர் மட்டும் அப்பீல் போட்டிருந்தால் அந்த அப்பீலில் தண்டனையை கூட்ட முடியாது. கூட்ட வேண்டும் என்றால் அரசு தரப்பு தனியாக வர வேண்டும்.

மான் சட்டத்துக்கு கிட்டத்தட்ட இணையாக நம்மிடம் இருப்பது 1956-ம் ஆண்டு விபசார தடுப்பு சட்டத்தின் 5-வது பிரிவு. விபசாரத்துக்காக ஒருவரை ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு கொண்டு போனால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. விருப்பத்துக்கு மாறாக என்றாலோ, குழந்தை என்றாலோ தண்டனை இன்னும் எகிறும். அதிலும் "இடம்" என்றுதான் இருக்கிறதே தவிர மாநிலம் என்று இல்லை.

காரில் ஏறியது யார், ஏற்றியது யார்?

சரி, அப்பீலில் எதை வைத்து வாதாடுகிறார்கள்? இதற்கு இன்றைக்கும் வக்கீல்கள் தூக்கிக்கொண்டு வரும் தீர்ப்பு நம்ம சென்னையில் பிறந்தது. வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம். 1964 செப்டம்பர் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

விவரம் சினிமா மாதிரி இருக்கும். அரசு அதிகாரி ஒருவரின் மகள், கல்லூரி மாணவி. காதல் விஷயம் தெரிந்ததும் அப்பா அவளை உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். மறுநாள், 1960 அக்டோபர் 1-ந் தேதி, அந்த பெண்ணே வீட்டை விட்டு இறங்கி, போன் போட்டு, இந்த ரோட்டுக்கு வா என்று வாலிபரை வரச்சொல்கிறாள். அவர் காரோடு வருகிறார். கடைக்குப் போய் திருமாங்கல்யம் வாங்குகிறார்கள். அதை தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அப்புறம் ரிஜிஸ்தர் ஆபீஸ். பிறகு சாத்தூர், கோயம்புத்தூர் என்று சுற்றி தஞ்சாவூரில் இருந்தபோது போலீஸ் பிடித்தது.

பெண்ணுக்கு 18 வயது முடிய பாக்கி இருந்தது ஆறே ஆறு வாரம்!

எழும்பூர் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு ஒரு வருட கடுங்காவல் கொடுத்தது. ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. நீதிபதி முதோல்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: மைனரை "கொண்டு போவது" வேறு, மைனர் கூட வருவதை "தடுக்காமல் இருப்பது" வேறு. வீட்டை விட்டு வரவேண்டும் என்ற எண்ணத்தை அவள் மனதில் விதைத்ததில் இவனுக்கு பங்கு உண்டா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கோ அதற்கு முன்போ ஆசை காட்டி, வாக்கு கொடுத்து, தூண்டி இருந்தால் குற்றம். அவளாக முடிவு எடுத்து கிளம்பி வந்த பிறகு அவன் கூட இருந்தான் என்பது மட்டும் குற்றம் ஆகாது. அப்பா வீட்டில் கொண்டுபோய் விடவில்லையே என்று கேட்கலாம், ஆனால் விடாமல் இருந்தது "கொண்டு போனது" ஆகிவிடாது.

அந்த தீர்ப்பில் ஒரு இடம் நம்ம ஊர்க்காரனுக்கு உறுத்தும். இவள் ஒன்றும் விவரம் தெரியாத கிராமத்து பெண் அல்ல, நகரத்தில் வளர்ந்த கல்லூரி மாணவி என்று கோர்ட்டு எடுத்துச் சொல்கிறது. அப்படியானால் வயல் வேலைக்கும் பீடிக்கும் போகிற 17 வயது பிள்ளைக்கு சுயபுத்தி கிடையாதா? கீழ் கோர்ட்டுகளில் அரசு வக்கீல் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைவார். "அது மெட்ராஸ் காலேஜ் பொண்ணு, இது ஒண்ணும் தெரியாத புள்ள" என்று. அப்பீல் போடுகிறவர் பதில் வைத்திருக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1972-ல் அரியானா எதிர் ராஜாராம் வழக்கு. 14 வயது பிள்ளை. ஆள் அனுப்பி ஆசை காட்டி வரவழைத்தார்கள். ஐகோர்ட்டு விடுதலை செய்தது. சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து செய்தது. பலவந்தம் தேவையில்லை, மனதை கரைத்து வர வைத்தாலே போதும் என்றது. வரதராஜன் தீர்ப்பு ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்கள் ராஜாராமையும் படித்துவிட்டு ஏறுவது நல்லது.

ஆக, அப்பீல் நிற்பதும் விழுவதும் கார் எங்கே போனது என்பதில் இல்லை. கார் கிளம்புவதற்கு முன்னால் நடந்த பேச்சில் இருக்கிறது. முதல் போன் யார் போட்டது, பை யார் கட்டியது, எங்கே ஏறினாள், டிக்கெட் யார் எடுத்தது, பெண் கோர்ட்டில் என்ன சொன்னாள். பார்டர் தாண்டியது இங்கேதான் மறைமுகமாக கை கொடுக்கும் அல்லது காலை வாரும். புனலூர் லாட்ஜில் பொய்ப்பெயரில் அறை போட்டிருந்தால், போன் சிம்மை மாற்றி இருந்தால், "ஒளித்து வைத்தான்" என்ற வாதத்துக்கு அது தீனி. டீக்கடை பேச்சு முழுசாகத் தப்பு இல்லை என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

வயது சர்ட்டிபிகேட் என்னும் சாவி

வயது 18-க்கு மேல் என்று நிரூபித்துவிட்டால் முதல் வகை குற்றம் அடியோடு காலி. அதனால் அப்பீலில் பாதி சண்டை பர்த் சர்ட்டிபிகேட்டில் நடக்கும். சிறார் நீதி சட்டப்படி பள்ளி அளிக்கும் பிறந்த தேதி சான்று அல்லது மெட்ரிக் சான்று முதலில், அது இல்லை என்றால் பஞ்சாயத்து, நகராட்சி பிறப்பு சான்று, அதுவும் இல்லை என்றால்தான் எலும்பு பரிசோதனை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டு போக்சோ வழக்கு ஒன்றில், பள்ளி மாற்று சான்றிதழை மட்டும் நம்பி வயதை முடிவு செய்தது செல்லாது என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டு தண்டனையையே ரத்து செய்தது. ஸ்கூலில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியை சொல்லி எழுதிய வீடுகள் நம்ம பக்கம் எத்தனை!

ஆனால் ஒன்று. கடத்தலோடு போக்சோவும் சேர்ந்திருந்தால், "அவளாக வந்தாள்" என்ற வாதம் கடத்தல் பிரிவை மட்டும்தான் அசைக்கும். 18-க்கு கீழே என்றால் போக்சோவில் சம்மதம் பேச்சே கிடையாது. கடத்தலில் விடுதலை, போக்சோவில் தண்டனை உறுதி என்று ஒரே தீர்ப்பில் இரண்டும் வரலாம்.

பையன்கள் விஷயத்தில் பலருக்கு தெரியாத மாற்றம் ஒன்று. பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு 16. புதிய சட்டத்தில் ஆணும் பெண்ணும் 18. கேரளாவில் பேக்கரிக்கும் ஓட்டலுக்கும் 16, 17 வயது பையன்களை பெற்றோருக்கு சொல்லாமல் வேலைக்கு கூட்டிப் போகிற புரோக்கர்கள் முன்பு இந்த பிரிவில் இருந்து தப்பினார்கள். 2024 ஜூலை 1-க்கு பிறகு நடந்த சம்பவம் என்றால் தப்ப முடியாது. அதற்கு முந்தைய சம்பவத்துக்கு புதிய சட்டத்தில் தண்டனை கொடுத்திருந்தால் அதுவே அப்பீலுக்கு காரணம்.

டிரைவர் என்ன பாவம் செய்தான்?

தென்காசி, குற்றாலம் கார் ஸ்டாண்டில் இந்த பயம் நிஜம். ஜோடி ஏறுகிறது, புளியரை தாண்டி விடச் சொல்கிறது, நாலு நாள் கழித்து போலீஸ் வருகிறது. டிரைவர் இரண்டாவதோ மூன்றாவதோ குற்றவாளி. வாடகைக்கு வண்டி ஓட்டினான் என்பது மட்டும் தண்டிக்க போதாது. குற்றத்தில் பொது நோக்கத்தோடு அவனும் சேர்ந்தான் என்று காட்ட வேண்டும். வழக்கமான வாடகை வாங்கினானா, டிரிப் ஷீட் எழுதினானா, முன்பின் போன் தொடர்பு உண்டா என்பதெல்லாம் அங்கே பேசும். பெண்ணுக்கு வயது 20 இருக்கும்னு நினைச்சேன் என்று சொல்வது மட்டும் பெரிதாக உதவாது. 1875-லேயே இங்கிலாந்தில் பிரின்ஸ் என்பவர் 16 வயது ஆகாத பெண்ணை 18 என்று நம்பித்தான் கூட்டிப் போனேன் என்றார். அவள் அப்படித்தான் சொல்லியும் இருந்தாள். தண்டனை நிலைத்தது.

முப்பதா, அறுபதா?

மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு தண்டித்தால் அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு, 30 நாளுக்குள். செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தால் ஐகோர்ட்டுக்கு, 60 நாளுக்குள். நமக்கு அது மதுரை கிளை. 2004 ஜூலை 24-ல் அது திறக்கும் வரைக்கும் இதற்காக சென்னைக்கு ரெயில் ஏறினார்கள். சிறை தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாக கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். நாள் தவறினால் தாமதத்துக்கு காரணம் சொல்லி தனி மனு போடலாம். ஏற்பதும் தள்ளுவதும் கோர்ட்டின் கையில்.

உள்ளே போகாமல் இருக்க வழி உண்டு. தண்டனை 3 ஆண்டுக்குள் இருந்து, ஏற்கனவே ஜாமீனில் இருப்பவர் அப்பீல் போடப்போவதாக சொன்னால், தண்டித்த கோர்ட்டே ஜாமீனை நீட்டிக்கும். அதற்கு மேல் என்றால் அப்பீல் கோர்ட்டில் தண்டனையை நிறுத்தி வைக்க மனு போட வேண்டும். நிறுத்துவது தண்டனையைத்தானே தவிர "குற்றவாளி" என்ற முத்திரையை அல்ல. அரசு வேலைக்காரருக்கு வேலை போவது அந்த முத்திரையால்தான். அதையும் நிறுத்த வேண்டும் என்றால் தனியாக கேட்க வேண்டும், கோர்ட்டு அபூர்வமாகத்தான் கொடுக்கும்.

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர் ஐகோர்ட்டுக்கு போனாலும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு போனாலும் தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்பதைத் தவிர வேறு எதையும் அப்பீலில் கிளப்ப முடியாது. வக்கீலுக்கு காசு இல்லை என்பவர்களுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையில் இருப்பவர்கள் வருமானம் பார்க்காமல் கேட்கலாம். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரியிடம் அப்பீல் மனுவை கொடுத்தாலே போதும், அவர் அனுப்பி வைப்பார்.

கடைசியாக, கோடு உண்மையிலேயே கடிக்கும் இடம். கடத்தல் வழக்கை ஆளை எங்கே இருந்து தூக்கினார்களோ அங்கேயும் நடத்தலாம், எங்கே கொண்டு போனார்களோ, வைத்திருந்தார்களோ அங்கேயும் நடத்தலாம். இலஞ்சியில் ஏறி புனலூரில் பிடிபட்டால் வழக்கு தென்காசி பக்கமும் நடக்கலாம், கொல்லம் பக்கமும் நடக்கலாம். கொல்லம் செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தால் அப்பீல் மதுரைக்கு வராது. எர்ணாகுளத்தில் உள்ள கேரள ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சாட்சி வாக்குமூலம் மலையாளத்தில் இருக்கும். வக்கீல் அங்கே பிடிக்க வேண்டும். ஜாமீனுக்கு ஆள் அங்கே தேட வேண்டும். அந்த 60 நாள் மட்டும் இங்கே ஓடுகிற அதே வேகத்தில்தான் அங்கேயும் ஓடும்.